புறாத்தீவுக்குப் போகும்போது அந்தக் காற்று வளையங்கள் வேண்டாம்

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து திருகோணமலை போகிறோம். ஒருநாள் புறாத்தீவுக்குப் போகப் பிள்ளைகளுக்கு ஆசை. மகனுக்கு 10 வயது, ஓரளவு நீந்துவான். மகளுக்கு 6 வயது, நீச்சல் தெரியாது. எனக்கும் கணவருக்கும் தெரியாது. 68 வயது அம்மாவும் கூட வருகிறார். காற்றடைக்கும் வளையங்கள் இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம். அது போதுமா?

பதில்: தாராளமாகப் போகலாம். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் பருவத்தில்தான் போகிறீர்கள். ஆனால் அந்த வளையங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள் நான். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது அந்த ஒரு வரிதான்.

காரணம் கச்சான் காற்று. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகக் கிழக்கே நம் பக்கம் இறங்குகிறது. அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால் புறாத்தீவுக்குப் படகேறும் நிலாவெளியில் கரையோரத் தண்ணீர் அலையே இல்லாமல் குளம்போலக் கிடக்கும். அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் பயம் போய்விடுகிறது. காற்றடைத்த வளையமோ இறகுபோல லேசானது, காற்று அதைப் பாய்மரம்போலத் தள்ளிக்கொண்டு போகும். பிள்ளை சிரித்துக்கொண்டே இருக்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் உங்களால் எட்ட முடியாத தூரத்துக்குப் போயிருக்கும். நன்றாக நீந்துகிறவர்கள்கூடத் துரத்திப் பிடிக்கத் திணறுவார்கள். கையில் மாட்டும் காற்றுப்பட்டைகளும் வேண்டாம், அவை எளிதாகக் கழன்றுவிடும்.

அதற்குப் பதில் சரியான அளவில் உயிர்காப்பு அங்கி, அதாவது லைஃப் ஜக்கெட் வாங்குங்கள். படகில் தருவது பெரும்பாலும் பெரியவர்கள் அளவாகவே இருக்கும். மகளுக்கு அவளுடைய எடைக்கு ஏற்றதை, கால்களுக்கு இடையே பட்டி உள்ளதாகப் பார்த்து, கொழும்பிலேயே வாங்கிவிடுங்கள். போட்டுப் பூட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காது வரை ஏறினால் அது அவளுக்குப் பெரிது. படகில் ஏறுவதற்கு முன்பே எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும், நீங்களும்தான்.

அங்கி போட்டிருந்தாலும் மகள் உங்கள் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். மூழ்கும் குழந்தை கத்தும், கையை ஆட்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது சத்தமே போடாது. மூச்சுக்குத் திணறும் வாயால் கூப்பிட முடியாது. தலை பின்னால் சாயும், ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். முழங்கால் அளவுத் தண்ணீரில், படம் எடுத்துக்கொண்டிருந்த தகப்பனுக்குப் பின்னால் ஒரு குழந்தை இப்படிச் சரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்றவர் தூக்கிவிட்டதால் பிழைத்தது. ஆகவே யார் எந்த நேரம் பிள்ளையைப் பார்ப்பது என்று நீங்களும் கணவரும் வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். பார்க்கிறவர் கையில் கைபேசி வேண்டாம்.

மகன் கட்டாயம் மீன் பார்க்க ஆசைப்படுவான். பார்க்க வேண்டியதுதான், புறாத்தீவின் அழகே தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. நல்ல நீச்சல்காரரான வழிகாட்டி ஒருவரைப் படகு பேசும்போதே சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். உங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாததால் இந்தச் செலவைக் குறைக்க வேண்டாம். குப்புற மிதந்து மீன் பார்க்கிறவன் தலையைத் தூக்கிக் கரை எங்கே என்று பார்க்கமாட்டான், அவனுக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். முகமூடியை வீட்டிலேயே சரிபாருங்கள். பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அதற்குள் தண்ணீர் புகாது. ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி, வாயால் மூச்சுவிட இரண்டு நாள் பழகட்டும்.

சுறா இருக்கிறதாமே என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது. செட்டை நுனி கறுத்த சிறிய சுறாக்கள் ஆழம் குறைந்த இடங்களில் திரியும். துரத்தாமல், தீனி போடாமல் இருந்தால் அவையே விலகிப் போய்விடும். காலைக் கிழிக்கும் முருகைக்கல்லுக்குத்தான், அதாவது பவளப்பாறைக்குத்தான், நான் அதிகம் கவலைப்படுவேன். தீவின் ஒரு பக்கம் மணல், இன்னொரு பக்கம் முழுக்க உடைந்த முருகைக்கற்கள். எல்லோருக்கும் பிடியான ரப்பர் காலணி வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் முருகைக்கல் உயிருள்ளது, ஒரு மிதியில் பல வருட வளர்ச்சி போய்விடும் என்று பிள்ளைகளிடம் முதல்நாளே சொல்லுங்கள். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு துண்டுகூட எடுத்துவரக் கூடாது. உடம்பெல்லாம் முள்ளுள்ள கடல் முள்ளெலி குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டு வெந்நீரில் காலை அரைமணி நேரம் வைத்தால் வலி குறையும். ஒரு சுடுநீர்ப் போத்தல் கொண்டு போங்கள். சூட்டை முதலில் உங்கள் கையில் பாருங்கள்.

வெயிலுக்குக் களிம்பை மட்டும் நம்ப வேண்டாம். குப்புற மிதக்கும்போது முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான் எரிந்துபோகும். முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுவிடுங்கள். களிம்பு பூசுவதானால் துத்தநாக ஒக்சைட் உள்ளது நல்லது, சில களிம்புகளில் இருக்கும் ஒக்சிபென்சோன் முருகைக்கல்லுக்குக் கெடுதல்.

நேரம்? முதல் படகு. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான், சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம். காலையில் தண்ணீர் தெளிவாக இருக்கும், கூட்டமும் குறைவு. பிற்பகலில் காற்று ஏறும் முன்பே, பதினொன்றரைக்குள் திரும்பிவிடுங்கள். சாப்பாட்டைக் கரைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். குடிதண்ணீர் மட்டும் நிறைய எடுங்கள், வெறும் போத்தல்கள் உங்களோடு திரும்பி வரட்டும்.

அப்புறம் அம்மா. படகிலிருந்து முழங்கால் அளவுத் தண்ணீரில், அது ஆடும்போதே கால் எடுத்து வைக்க வேண்டும். முட்டிவலி இல்லாதவர் என்றால் இருவர் கைபிடித்து இறக்கலாம், வந்து நிழலில் இருந்து மாடப்புறாக்களைப் பார்க்கட்டும். வலி இருக்கிறது என்றால் காலையில் விடுதியில் ஓய்வெடுக்கட்டும். மாலையில் எல்லோருமாகக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போங்கள். அங்கே ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. உப்பு ஏறிய பிள்ளைகளுக்கும் அது நல்ல குளிப்பு.