தூக்குப் பாலமும் மேட்ரிக்ஸ் கணக்கும்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அம்மா மகளின் படிப்பு பற்றிக் கேட்க என்னிடம் வந்தது மே மாதக் கடைசியில். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும். வீட்டில் வரும்படி இல்லாத அந்த நேரம் பார்த்துத்தான் கல்லூரிக்காரர்கள் முன்பணம் கேட்பார்கள்.

"என் தம்பி சென்னையில மேனேஜ்மென்ட் கோட்டாவுல ஏ.ஐ. பி.டெக். சீட்டுப் பேசி வச்சிருக்கான் சார். நகைய வச்சாவது சேர்த்துடலாங்கிறான். இவ பி.எஸ்சி. கணக்குதான்னு நிக்கிறா. அதுல டீச்சர் வேலை தவிர என்ன இருக்கு?"

பயப்படாதீங்கம்மா என்றுதான் நானும் ஆரம்பித்தேன். அப்புறம் அந்தப் பெண் லேப்டாப்பைத் திறந்தாள். பிளஸ் டூவில் படித்த பைத்தானை வைத்துப் பழைய பாம்பன் தூக்குப் பாலத்தை வரைந்திருக்கிறாள். கப்பல் வந்தால் கை எழும்ப வேண்டும். எழும்பவில்லை, கழன்று ஆகாயத்தில் போய் நிற்கிறது. மூன்று நாளாகத் தூங்கவில்லையாம்.

இதைப் பார்த்த பிறகு சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை. அம்மா, அடகு வேண்டாம். ஏ.ஐ. என்று போர்டு மாட்டினாலும் அடியில் ஓடுவது இந்தக் கையைத் திருப்பும் அதே மேட்ரிக்ஸ்தான், எண்களை வரிசையும் நெடுவரிசையுமாக அடுக்கிய கட்டம். வட்டி கட்டி வாங்கினால் அது வேறு கணக்காகிவிடாது.

பாப்பா, உன் பிழை இதுதான். கை திரும்பும் கீல் இருப்பது (100, 20) புள்ளியில், கையின் நுனி (140, 20)-இல். நுனியை அப்படியே 90 பாகை திருப்பினால் (−20, 140)-க்குப் போகும். ஏனென்றால் திருப்பும் மேட்ரிக்ஸுக்குக் கீல் தெரியாது, (0, 0) என்ற சுழியப் புள்ளிதான் தெரியும். முதலில் கீலைக் கழி: (40, 0). திருப்பு: (0, 40). கீலைத் திரும்பக் கூட்டு: (100, 60). வரிசை மாறினால் கை மறுபடி பறந்துவிடும்.

மேட்ரிக்ஸைக் கட்டம் கட்டமாக மனப்பாடம் செய்யாதே. ஒவ்வொரு நெடுவரிசையையும் திசையாகப் படி. 90 பாகைத் திருப்பத்தில் முதல் நெடுவரிசை 0, 1: கிழக்கு பார்த்தது வடக்கு பார்க்கும். அடுத்தது −1, 0: வடக்கு பார்த்தது மேற்கு பார்க்கும். படகோட்டி மகளுக்கு இது புரியாதா?

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் சாயாது. 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே போகும். இதை 2×2 மேட்ரிக்ஸால் செய்யவே முடியாது, அது சுழியத்தைச் சுழியத்திலேயே விட்டுவிடும். அதற்காகத்தான் புள்ளியோடு கூடுதலாக ஒரு 1 சேர்த்து 3×3 ஆக்குகிறார்கள். முப்பரிமாணத்தில் 4×4, மொத்தம் 16 எண்கள். கேம், அனிமேஷன், கட்டட மாதிரி எல்லாம் இந்தப் பதினாறில்தான் நகர்கின்றன.

தடைக்காலம் முடிவதற்குள் கிராஃப் தாளில் இரண்டு பாலத்தையும் கையால் போட்டுப் பார். பெருக்கும் நிரலை நீயே எழுது, யாரோ எழுதி வைத்த லைப்ரரியைத் தொடாதே. பிறகு பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளை இறக்கிக்கொள், இலவசம்தான். இவ்வளவுக்கும் பிறகு அலுப்புத் தட்டினால் என்னிடம் வந்து சொல், வேறு பார்ப்போம்.

செலவுக்கு வருவோம் அம்மா. ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படிக்க நகை தேவையில்லை. பிள்ளை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு மனுப் போடுங்கள். டிகிரி முடித்து நிம்செட் என்ற எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதினால் திருச்சி என்.ஐ.டி.யில் எம்.சி.ஏ.வுக்கு முயலலாம். மூன்றே வருடத்தில் கை நிறையச் சம்பளம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லும் கல்லூரியிடம் எழுதித் தரச் சொல்லுங்கள், தருகிறார்களா பார்ப்போம்.

தம்பி முன்பணம் ஏதும் கட்டியிருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். அவர் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.