மச்சினன் ஏற்றிய ஏலம்

கேள்வி: திருப்பூரில் சின்னதாக நிட்டிங் கம்பெனி நடத்துகிறேன். 30 டயா, 24 கேஜ் பழைய சிங்கிள் ஜெர்சி மெஷின் ஒன்றை, பழைய மெஷின் வாங்கி விற்கும் வாட்ஸ்ஆப் குழுவில் ஏலம் விட்டேன். ராத்திரி 9 மணிக்கு முடியும் என்று முன்பே போட்டிருந்தோம். அவிநாசிக்காரர் ஒருவர் 8,40,000 கேட்டார். அட்மினும் "முடிஞ்சுதுங்க, அவிநாசி அண்ணனுக்கே" என்று போட்டுவிட்டார். அன்றைக்கே 50,000 முன்பணம் ஜிபேயில் வந்தது. மூன்றாம் நாள், "ஊட்டுல ஒத்துக்க மாட்டேங்கறாங்க, மெஷின் வேண்டாமுங்க, பணத்தைத் திருப்பிப் போட்டுடுங்க" என்கிறார். அவரை நம்பி மெஷின் பார்க்க வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். என் மச்சினன்கூட இரண்டு முறை கேட்டு ஏற்றிவிட்டான், அவ்வளவு சூடாகப் போன ஏலம். ஐந்தாம் நாள், அவருக்கு அடுத்துக் கேட்டவருக்கே 7,10,000க்குக் கொடுத்துவிட்டேன். 1,30,000 நட்டம். அவர் படத்தை "மோசடிப் பேர்வழி" என்று ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறேன். போலீஸில் 420 கொடுத்து, கோர்ட்டிலும் போட்டு வித்தியாசத்தை வாங்க முடியுமா?

பதில்: அவர் வாக்குத் தவறியது, நீங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்பியது, வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்பது நிஜமா சாக்கா, இவை எதுவும் வழக்குக்கு வேண்டாம். உங்கள் கடிதத்தில் வழக்கைத் தீர்மானிக்கிற வரி ஒன்றுதான். அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: மச்சினன் இரண்டு முறை கேட்டு ஏற்றியது.

ஒப்பந்தம் ஏற்பட்டதில் சந்தேகம் இல்லை. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆவது பிரிவுப்படி, ஏலம் முடிந்ததாகச் சுத்தியல் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்கும்வரைதான் கேட்டவர் பின்வாங்கலாம். அட்மின் போட்ட செய்திதான் உங்கள் ஏலத்தின் சுத்தியல். வாட்ஸ்ஆப்பில் நடந்தது என்பதால் அது செல்லாது என்று யாரும் சொல்ல முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு அந்த வாதத்தை அடைத்துவிட்டது. மூன்றாம் நாள் அவர் வேண்டாம் என்றது ஒப்பந்த மீறல். இதுவரை நியாயம் உங்கள் பக்கம்.

ஆனால் அதே 64ஆவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. விற்பவர் தன் சார்பில் விலை கேட்கும் உரிமையை முன்கூட்டியே அறிவித்து வைத்துக்கொள்ளாவிட்டால், அவரோ அவர் ஏற்பாடு செய்த ஆளோ கேட்கக் கூடாது. கேட்டால், அந்த விற்பனையை வாங்குபவர் மோசடி விற்பனையாகக் கருதலாம். விலையை ஏற்றுவதற்காகப் பொய்யாகக் கேட்டிருந்தால், ஏலத்தை ரத்து செய்யும் உரிமையும் அவருக்கே. 420 என்று நீங்கள் அவரைச் சொல்கிறீர்கள். சட்டத்தில் "மோசடி" என்ற சொல் உங்கள் பக்கம்தான் நிற்கிறது.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை மேலிருந்து கீழே படித்தேன். பிறகு மெஷினை வாங்கியவர் 7,10,000 கேட்டு நின்றுவிட்டார். அவிநாசிக்காரர் 7,30,000. மச்சினன் 7,60,000. அவர் 7,80,000. மச்சினன் 8,10,000. அவர் 8,40,000. 7,30,000க்கு மேல் அவருக்கு எதிராகக் கேட்ட ஆள் உங்கள் மச்சினன் ஒருவர்தான். அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் ஏலம் 7,30,000ல் முடிந்திருக்கும். அப்படியென்றால் உங்கள் உண்மையான நட்டம் 20,000. முன்பணம் 50,000ல் அதைக் கழித்தாலும் 30,000 உங்கள் கையில் மிச்சம் இருக்கிறது.

"மச்சினன் நம்பர் என்று கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்?" என்று அடுத்து கேட்பீர்கள். என்னிடம் வருகிறவர்கள் விழுகிற குழியே இதுதான். ஒப்பந்தத்தை நிரூபிக்க உங்களுக்கு அந்தக் குழு உரையாடலைத் தவிர வேறு ஆவணம் இல்லை. அதை பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவில் மின்னணுப் பதிவுக்குக் கேட்கிற சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்தால் மச்சினன் கேட்ட விலையும் அதோடு சேர்ந்தே போகும். சில வருடங்களுக்கு முன் பழைய லாரி விற்ற ஒருவர், நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் வழக்குப் போட்டார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் விலையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. உரையாடலில் இருந்த ஒரு கைபேசி எண்ணைப் படித்துக் காட்டி, "இது யாருங்க?" என்றார். என் கட்சிக்காரர் கொஞ்ச நேரம் கூண்டின் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பிங்க" என்றார். அதற்குப் பிறகு நான் வாதிட அங்கே எதுவும் மிச்சம் இல்லை.

அந்தச் செய்திகளை அழித்துவிட்டு மீதியைத் தாக்கல் செய்யலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து காது கொடுக்காதீர்கள். குழுவில் இருக்கிற அத்தனை பேர் போனிலும் அது இருக்கிறது, அவிநாசிக்காரர் போன் உட்பட. சாதாரண பண வழக்கில் தோற்பது ஒன்று. சாட்சியத்தை அழித்தார், சத்தியம் செய்து பொய் சொன்னார் என்று குற்ற வழக்கில் நிற்பது வேறு. கம்பெனி நடத்துகிற ஆளுக்கு அது தாங்காது.

மச்சினன் விஷயமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இன்னொரு ஓட்டை இருக்கிறது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 54ஆவது பிரிவுப்படி, பணம் வராத சரக்கை மறுபடி விற்று வித்தியாசத்தைக் கேட்க வேண்டுமானால், "இத்தனை நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் வேறு ஆளுக்கு விற்றுவிடுவேன்" என்று முதலில் வாங்கியவருக்கு முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் விற்றால் அந்த இழப்பீடு கிடையாது. ஏல நிபந்தனையிலேயே மறுவிற்பனை உரிமையை எழுதி வைத்திருந்தால் தப்பிக்கலாம். உங்கள் நிபந்தனையில் முடியும் நேரத்தைத் தவிர ஒன்றுமில்லை. சந்தை விலை வித்தியாசம் என்று வேறு வழியில் கேட்கலாம்தான். ஆனால் ஓடித் தேய்ந்த மெஷினுக்குச் சந்தை விலை 8,40,000 என்று எதை வைத்து நிரூபிப்பீர்கள்? நீங்களே 7,10,000க்கு விற்றிருக்கிறீர்கள்.

போலீஸ் புகார் வேண்டாம். பழைய தண்டனைச் சட்டத்தின் 420 இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 318. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது நிற்கும். அன்றைக்கே 50,000 அனுப்பியவருக்கு அந்த எண்ணம் இருந்தது என்று எந்த ஆய்வாளரும் எழுத மாட்டார்.

ஸ்டேட்டஸை இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். அவதூறு, அதே புதிய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 356, இரண்டு வருடம் வரை தண்டனை. இன்றைய நிலையில் உங்களைத் தவிர யாரும் யார் மேலும் குற்ற வழக்குப் போட முடியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் படத்தை வைத்து அவர்தான் முதலில் போடுவார். பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள்தான் மெஷினை நிறுத்திவிட்டு கோர்ட் வராந்தாவில் நிற்க வேண்டியிருக்கும்.

சமாதானமாகப் போங்கள். 20,000 வைத்துக்கொண்டு 30,000 திருப்பித் தருவதாகச் சொல்லுங்கள். அவருக்கு மச்சினன் விஷயம் தெரிந்து, முழுப் பணமும் வேண்டும் என்று நின்றால், 50,000த்தையும் கொடுத்துவிடுங்கள். ஏலத்தை ரத்து செய்ய உரிமை உள்ளவருக்கு அந்தப் பணமும் போய்ச் சேர வேண்டியதுதான். வங்கி வழியாகவே அனுப்புங்கள். மெஷின் ஏலம் தொடர்பாக இரு தரப்புக்கும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, ஸ்டேட்டஸ் நீக்கப்பட்டது, அது குறித்து அவர் புகார் கொடுக்கப்போவதில்லை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சி வாங்குங்கள். அந்தச் சாட்சிகளில் ஒருவராக மச்சினனைப் போடாதீர்கள்.

அடுத்த மெஷினை ஏலம் விடும்போது, எதிர்பார்க்கும் குறைந்தபட்ச விலையை நிபந்தனையிலேயே போட்டுவிடுங்கள். 64ஆவது பிரிவு அதை அனுமதிக்கிறது. 7 நாளில் பணம் வராவிட்டால் மறு அறிவிப்பின்றி வேறு ஆளுக்கு விற்று வித்தியாசத்தை வசூலிப்பேன் என்ற வரியும் இருக்கட்டும். குழுவில் ஏலம் தொடங்குவதற்கு முன்பே அது போயிருக்க வேண்டும்; விலை கேட்க ஆரம்பித்த பிறகு சேர்த்தால் பயன் இல்லை.