ஏர் அடித்தால் போதுமா, புதுசு வாங்கணுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரியில் வேலை. தினமும் மண் சாலையில்தான் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் ஓட்டுகிறேன். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் மெக்கானிக் ஏர் ஃபில்டரைக் கழற்றி ஏர் அடித்துத் திரும்ப மாட்டிவிடுகிறார். கழுவிக் கழுவி மாட்டும் காட்டன் ஃபில்டர் வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்றும் சொல்கிறார். பல ஆயிரம் ஆகுமாம். வாங்கலாமா?

பதில்: உங்கள் வேலைக்கு வேண்டாம். காட்டன் ஃபில்டர் விற்பவர்கள் முன்னிறுத்துவது காற்று தாராளமாகப் போவதைத்தான். எதையும் மாற்றாத எஞ்சினில் அதனால் கிடைக்கும் பிக்கப் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பொடித்தூசியைப் பிடிக்கும் விஷயத்தில் நல்ல காகித ஃபில்டர் ஒரு படி மேல். கிரானைட் தூசியில் குவார்ட்ஸ் நிறைய. சாதாரண இரும்பைவிட அது கடினம். உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். ஆயில் குறைந்து புகை வரும்போதுதான் விஷயம் வெளியே தெரியும். அதற்குள் செலவு எஞ்சின் வேலை வரை போயிருக்கும்.

அப்புறம் இந்த ஏர் அடிக்கிற பழக்கம். ஹிமாலயனில் இருப்பது மடிப்பு மடிப்பான காகித ஃபில்டர். பட்டறை கம்ப்ரசர் துப்பாக்கியை மடிப்புக்கு நெருக்கமாகப் பிடித்து அடித்தால் காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும், ஓரத்துப் பசை விடும். வெளிப்பக்கத்திலிருந்து அடித்தாலோ, தூசி இன்னும் உள்ளேதான் ஏறும். மேனுவல் அனுமதித்தால் குறைந்த அழுத்தத்தில், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி, தள்ளிப் பிடித்து அடிக்கலாம். வேறு சில வண்டிகளில் ஆயில் பூசிய காகித ஃபில்டர் வரும். தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். அதைக் கழுவவும் கூடாது, ஏர் அடிக்கவும் கூடாது, மாற்ற மட்டுமே வேண்டும். ஆகவே கம்ப்ரசரை எடுக்கும் முன் அது எந்த வகை என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் ஃபில்டரைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேனுவலில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு சாதாரண சாலைக்கானது. தூசியில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்பே மாற்றச் சொல்லி அதே மேனுவல் சொல்லும். குவாரி சாலை என்றால் பாதி தூரத்திலேயே மாற்றுங்கள் என்பேன். ஒரிஜினல் ஃபில்டர் சில நூறு ரூபாய்தான். காட்டனுக்கு ஒதுக்கிய பணத்தில் எத்தனை வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்காக வாராவாரம் கழற்றிப் பார்க்கவும் வேண்டாம். காகித ஃபில்டர் லேசாகத் தூசி படிந்த பிறகுதான் இன்னும் நன்றாக வடிகட்டும். தவிர, கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் ஓரம் சரியாக உட்காராமல் போக வாய்ப்புண்டு.

கழற்றினால் ஒன்று மட்டும் செய்யுங்கள். ஃபில்டருக்குப் பின்னால், எஞ்சினை நோக்கிப் போகும் பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் ஃபில்டர் கிழிந்திருக்கிறது, இல்லை ஓரத்து ரப்பர் வழியே காற்று போகிறது. அப்போது யோசிக்காமல் புதுசு போடுங்கள், ரப்பரையும் பாருங்கள். ஓடையில் இறக்கித் தண்ணீர் ஏறி நனைந்த காகித ஃபில்டரையும் காய வைத்து மாட்டாதீர்கள்.

கேள்வி: என் டிரெயில் பைக்கில் ஃபோம் ஃபில்டர். பெட்ரோலில் கழுவி எஞ்சின் ஆயில் தடவச் சொல்கிறார்கள். சரிதானா?

பதில்: பெட்ரோல் வேண்டாம். தீப்பற்றும் அபாயம் இருக்கிறது, ஃபோம் ஒட்டிய பசையையும் அது கரைக்கும். ஃபோம் கிளீனரில் அழுக்கெடுத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். துணி மாதிரி முறுக்கக் கூடாது, அமுக்கிப் பிழியுங்கள். நிழலில் முழுசாகக் காயட்டும். ஈரம் இருந்தால் ஆயில் சீராகப் பரவாது. எஞ்சின் ஆயில் நிறுத்தி வைத்த வண்டியில் மெல்லக் கீழே வடிந்து மேல்பகுதி காய்ந்துவிடும். ஃபோம் ஃபில்டருக்கென்றே வரும் ஆயில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எங்கும் ஒரே நிறமாகத் தெரியும்வரை பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்தெடுங்கள். ஓரத்தில் கொஞ்சம் க்ரீஸ். ஃபோம் விரலில் உதிர ஆரம்பித்தால் ஆயுள் முடிந்தது, எவ்வளவு கழுவியும் பிரயோஜனமில்லை.

கேள்வி: சர்வீஸ் பில்லில் ஏர் ஃபில்டர் மாற்றியதாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள். வீட்டில் கழற்றிப் பார்த்தால் பழசு மாதிரியே இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் படம் எடுத்துக்கொண்டு, பில்லோடு சர்வீஸ் மேலாளரிடம் காட்டுங்கள். பில்லில் பாகத்தின் எண் இருக்கும். அதே எண் ஃபில்டரிலோ அதன் பெட்டியிலோ இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யைவிட அதிகம் வாங்கியிருந்தால் அது தனிக் குற்றம். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யுங்கள். பெரும்பாலும் அந்த அழைப்பே போதும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. என்றாலும் ஒரு ஃபில்டருக்காக அலையச் சொல்ல எனக்கு மனமில்லை.

அடுத்த முறை வண்டியை விடும்போதே, "கழற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்" என்று ஜாப் கார்டில், அதாவது செய்யவேண்டிய வேலைகளைக் குறிக்கும் சர்வீஸ் சீட்டில், எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: ஏர் ஃபில்டர் அடைத்தால்தான் மைலேஜ் குறைகிறது என்று புது ஃபில்டர் போடச் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: கார்புரேட்டர் வண்டியில் ஓரளவு உண்மை. ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டி வரும் காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலையும் குறைத்துக்கொள்ளும். அங்கே முதலில் குறைவது அதிவேகத்தில் இழுவைதான். மைலேஜ் போனால் முதலில் டயர் காற்றையும் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.