கணக்குக் கொப்பியை யாரிடம் காட்டுவது?

கேள்வி: ஒன்பது வருடமாக பேக்கரி நடத்துகிறேன். வியாபாரம் ஓடுகிறது, மாதம் முடிந்தால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. கல்முனையில் ஐந்தாறு முதலாளிமார் மாதம் ஒருமுறை கூடி தொழில் கஷ்டங்களைப் பேசுகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். உள்வீட்டு விஷயத்தை வெளியாட்களிடம் சொல்லலாமா?
– பெயர் வேண்டாம், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, சீட்டுக் காசை அடுத்த தெருக்காரர் கையில் கொடுக்க யோசிக்காத நாம், கணக்குக் கொப்பி என்றதும் நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறோம். தாராளமாகப் போங்கள். ஆனால் அங்கே இன்னொரு பேக்கரிக்காரர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள், இருந்தால் நீங்களும் வாய் திறக்க மாட்டீர்கள், அவரும் திறக்க மாட்டார். 1905இல் சிகாகோவில் ரோட்டரி தொடங்கியபோது முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் நான்கே பேர்: சட்டத்தரணி, நிலக்கரி வியாபாரி, சுரங்கப் பொறியியலாளர், தையல் கடைக்காரர். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் என்பதைப் பிறகு விதியாகவே வைத்திருந்தார்கள்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய நேரம் நான் மட்டக்களப்பில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருந்தேன். எங்கள் குழுவில் ஆறு பேர், ஒருவர் மருதமுனைக் கைத்தறிக்காரர். விலையைக் கூட்டினால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று நான் புலம்பிக்கொண்டிருக்க, அவர் என் பில் கட்டைப் புரட்டி, ஒரு கல்யாணக் கார்ட் பில்லில் விரலை வைத்து, "இந்தத் தாளை இண்டைக்கு வாங்கினா என்ன விலை?" என்றார். அவ்வளவுதான். பழைய விலைக்கு வாங்கிய தாளில் லாபம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், விற்ற காசில் அதே தாளில் பாதிகூட வாங்க முடியாது! நூல் விலையில் அடிபட்டவர், பார்த்ததும் பிடித்துவிட்டார். என் கணக்காளர் இதைச் சொல்லவில்லை (அவர் வருட முடிவில்தான் எட்டிப் பார்ப்பார், அது வேறு கதை).

நீங்கள் போகும்போது மூன்று மாதக் கணக்கோடு போங்கள். கடைகளில் நிற்கும் கடன் எவ்வளவு, விற்காமல் திரும்பி வரும் பாணும் பணிசும் எத்தனை என்று எழுதியிருக்கிறீர்களா? எனக்கென்னவோ அந்தத் திரும்பி வரும் தட்டுகளில்தான் சந்தேகம்.

அப்புறம், குழுவுக்குள் காசு கொடுக்கல் வாங்கல் மட்டும் வேண்டவே வேண்டாம். கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவன் முன்னால் உண்மைக் கணக்கைச் சொல்லமாட்டான். எங்களில் ஒருவருடைய செக்குக்கு இன்னொருவர் பொறுப்பு நின்றார், செக் திரும்பியது. அடுத்த மாதம் இரண்டு கதிரை காலி, அதற்கடுத்த மாதம் நான் மட்டும் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.