கடலோரத்து நோய்கள்: கேட்டதும் சொன்னதும்

பதில் சொல்பவர் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வேலை பார்க்கும் சமுதாய நலச் செவிலியர். தொழிலும் தண்ணீரும் கூலியும் உடம்பை என்ன செய்கின்றன என்று மட்டும் கேட்கச் சொல்லியிருந்தார்.

சின்னப்பாலத்திலிருந்து: பாசி எடுக்கப் போறேன். மாசம் தவறாம நீர்க்கடுப்பு வருது. சூட்டு உடம்புன்னு சொல்றாங்க, சரியா?

சூடு காரணமில்லை அக்கா. ஒதுங்க இடமில்லாததுதான் காரணம். கடல் வத்துற நேரம் பார்த்து மரிக்கொழுந்துப் பாசி எடுக்க இறங்கினால் மணிக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே கரையேறவும் விடமாட்டார்கள். அதனால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறீர்கள். அடக்கி வைத்த சிறுநீரில் கிருமி பெருகுகிறது.

எழுந்ததும் இரண்டு டம்ளர் குடியுங்கள். வள்ளத்தில் ஆளுக்கு 1 லிட்டர் கேன் இருக்கட்டும். இறங்குமுன் ஒரு தடவை, கரைக்கு வந்ததும் ஒரு தடவை கழித்துவிடுங்கள். நடுவில் முட்டினால் அடக்க வேண்டாம், கடலிலேயே கழித்துவிடுங்கள். ஈரத்துணியோடு வீடுவரை நடக்காமல் கரையிலேயே மாற்றுத்துணி கட்டுங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். கருப்பட்டித் தண்ணீர் நிறத்துக்கு வந்தால் குடித்தது போதவில்லை.

மாதாமாதம் வருவதால், மாத்திரை தொடங்கும் முன்பே சிறுநீரைக் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நடுங்கி வரும் காய்ச்சலோ விலாவில் வலியோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கர்ப்பிணி என்றால் லேசான கடுப்புக்கே போங்கள்.

மருந்துக்கடையில் பொட்டலம் கட்டித் தரும் செட் மாத்திரையை வாங்கவே வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் வலி மாத்திரை இருக்கும். நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும், வலி மாத்திரை அதை இன்னும் குறைத்துவிடும்.

வாலிநோக்கம்: உப்பளத்துல வேலை. சாயங்காலமானா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது. உப்புக்குள்ளேயே நிக்கிறோம், எங்களுக்கா உப்பு குறையும்?

குறையும் அண்ணே. காலில் ஒட்டுகிற உப்பு ரத்தத்துக்குப் போகாது, வியர்வையில் போகிற உப்பும் திரும்பி வராது. வெயிலில் 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், ஏறத்தாழ 240 மில்லி. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். காலையில் உப்புப் போட்ட நீராகாரம் நல்லது. இழுப்பு வந்த அன்று உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள்: 1 லிட்டருக்கு ஒரு பாக்கெட். பாக்கெட் இல்லாவிட்டால் 6 தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அதற்குமேல் உப்பைக் கூட்டக்கூடாது. பேச்சு குழறினாலோ ஆள் தடுமாறினாலோ நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். நிழலும் குடிதண்ணீரும் ஏற்பாடு செய்வது முதலாளியின் பொறுப்பு. எடைக்குக் கூலி வாங்குகிறவர் தானாக ஓய்வெடுக்க மாட்டார்.

மூன்று பேர்: கால்வலிக்கு என்ன மாத்திரை போடலாம்?

இங்கே மாத்திரை பேர் சொல்ல மாட்டேன். செட் மாத்திரை வேண்டாம்.

தங்கச்சிமடம்: மகனுக்கு மலேரியா. காய்ச்சல் விட்டுருச்சு, கடலுக்குப் போகலாமா?

தெம்பு வந்ததும் போகலாம், மாத்திரையும் கூடவே போகணும். வைவாக்ஸ் வகை என்றால் குளோரோகுயின் 3 நாள், பிரைமாகுயின் 14 நாள். முதல் மாத்திரையில் காய்ச்சல் விட்டாலும் ஈரலில் ஒளிந்த கிருமி அப்படியே கிடக்கும், வாரங்களோ மாதங்களோ கழித்துத் திரும்பக் கிளம்பும். தம்பி கடலில் நாலு நாள் விட்டால் பாதியில் நின்றுபோகும். டப்பாவில் நாள்வாரியாகப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகே போடணும். சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்தி டாக்டரிடம் காட்டணும். கர்ப்பிணிக்குப் பிரைமாகுயின் ஆகாது.

குழாயில் தண்ணீர் நாள்விட்டு வருகிற ஊரில் டிரம்மில் பிடித்து வைக்காமல் முடியாது. கொசு வளர்வதும் அதில்தான். வாரம் ஒருமுறை காலிசெய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூடுங்கள்.

கீழக்கரை: முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்கே எடுப்பது?

ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று வேண்டும்.

ஏர்வாடி: அண்ணனுக்கு மனசு சரியில்லை. தர்காவில் வைத்திருக்கிறோம். ஓடிப்போகாமல் கட்டிவைப்பது தப்பா?

தப்பு. 2001 ஆகஸ்ட் 6 அன்று இதே ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டத்தின் 95ஆம் பிரிவு சங்கிலியை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. துவாவை நிறுத்தச் சொல்லவில்லை பாய். தர்காவை ஒட்டியே மனநல மருத்துவம் கிடைக்க 'தவா துவா' திட்டம் கொண்டுவந்தார்கள். மருந்தும் தொழுகையும் சேர்ந்தே நடக்கலாம். தொடங்கிய மருந்தைத் திடீரென நிறுத்தாதீர்கள். ராத்திரியில் நிலைமை மோசமானால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள், கட்டணமில்லை.

ஒருவர்: தர்காவுக்கு வருவதையே தடை செய்யணும்.

இன்னொருவர்: நம்பிக்கையில் கைவைக்காதீர்கள்.

இரண்டு பேருக்கும் சொல்கிறேன். அன்றாடம் கூலிக்குப் போகிற வீட்டில் நோயாளியோடு பகலில் இருக்க ஆளில்லை. அக்கம்பக்கத்தில் பைத்தியக்கார வீடு என்று பேர் வரும், பெண்பிள்ளைக்குச் சம்பந்தம் தட்டிப்போகும். தர்காவில் தங்க இடமிருக்கிறது, யாரும் விரட்டுவதில்லை. அதனால்தான் வருகிறார்கள். தடை செய்தால் வீட்டுக்குள் கட்டிவைப்பார்கள், கண்ணிலும் படாது. நம்பிக்கையைச் சொல்லிச் சங்கிலியை நியாயப்படுத்துவதையும் ஏற்க முடியாது. மாதாமாத மாத்திரை சொந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைத்தால் பாதிப் பேர் வீடு திரும்பலாம்.

அதே ஒருவர்: எல்லாம் விழிப்புணர்வு இல்லாததுதான். பாசி எடுக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான்.

அந்த அக்காவுக்குத் தண்ணீர் குடிக்கணும் என்று தெரியும். குடித்தால் எங்கே போவது என்பதுதான் கேள்வி. வள்ளம் கட்டுகிற கரையில் பெண்களுக்குக் கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறை கேளுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் எழுதிக் கொடுத்து, தீர்மானப் பதிவேட்டில் ஏறியதை வாசிக்கச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி: ஒரே ஒரு நாளைக்கு செட் மாத்திரை போட்டால்?

வேண்டாம்.