கட்டைவிரல் மறைத்தது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 36 வயது. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில். திருமணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. என் மனைவி ஒரு நார்சிசிஸ்ட், அதாவது தன்மோகம் பிடித்தவள் என்பது எனக்கு இப்போதுதான் புரிந்தது. யூடியூப் வீடியோ ஒன்றில் சொன்ன 15 அறிகுறிகளில் 12 அவளுக்கு அப்படியே பொருந்துகின்றன. வரிசையாக எழுதுகிறேன். எந்நேரமும் செல்ஃபி, ஸ்டேட்டஸ். பியூட்டி பார்லர் செலவு. சம்பளத்தைத் தன் கணக்கிலேயே வைத்துக்கொள்வது. என் அம்மாவோடு ஒத்துப்போகாதது. எனக்குக் காய்ச்சல் வந்தால் அவளுக்கு அதைவிடப் பெரிய தலைவலி வந்துவிடும். எந்தச் சண்டையும் என் தப்பாகத்தான் முடியும். ‘உங்களுக்காகத்தான் நான் தேய்ஞ்சு போறேன்’ என்பாள்.

9-வதாக ஒன்று. நாலாவது படிக்கும் எங்கள் மகள் புதுச்சேரியில் ஓர் ஓவியப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினாள். கடற்கரைச் சாலையில் காந்தி சிலை பக்கத்தில் நின்று என்னைப் படம் எடுக்கச் சொன்னாள் மனைவி. சான்றிதழில் ‘இரண்டாம்’ என்ற சொல்லின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு நாள் குழந்தையோடு பேசவில்லை. அடுத்த வாரம் என் அம்மாவிடம் மகள் அதைக் காட்டும்போது அவள் விரலும் அதே இடத்தில் இருந்தது.

பெண் நார்சிசிஸ்டுகள் ஆண்களைவிட ஆபத்தானவர்களா? இவளை எப்படி ஒப்புக்கொள்ள வைப்பது? டாக்டரிடம் எழுதி வாங்க முடியுமா?

கே.

*

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆளைப் பார்க்காமல் எந்த மனநல மருத்துவரும் எழுதித் தரமாட்டார். தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் போகாதீர்கள். ஒப்புக்கொள்ள வைப்பதும் நடக்காது. ‘நீ ஒரு நார்சிசிஸ்ட்’ என்று கேட்டவுடன் ‘ஆமாங்க’ என்று சொன்ன மனிதரை எந்த வீட்டிலும் பார்க்க முடியாது. அந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். வந்துவிட்டால் பிறகு ஒவ்வொரு சண்டையும் அந்தச் சொல்லைப் பற்றியதாகவே இருக்கும்.

ஆண்களா பெண்களா என்ற கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்கும் பதில் இல்லை. பல ஆய்வுகளில் சேர்ந்த ஏறக்குறைய 4,75,000 பேரின் தரவுகளைத் தொகுத்து 2015-இல் ஓர் அலசல் வெளிவந்தது. இந்தக் குணங்கள் ஆண்களிடம்தான் சற்று அதிகம் என்றது அது. பெரிய வித்தியாசம் எதில் என்றால், எல்லாம் எனக்குச் சேரவேண்டியது என்ற எண்ணத்திலும் பிறரைப் பயன்படுத்திக்கொள்வதிலும். தன்னைக் காட்டிக்கொள்வதில் இரு பாலுக்கும் வித்தியாசம் இல்லை. உங்கள் பட்டியலின் தலையில் உட்கார்ந்திருக்கும் செல்ஃபி அங்கேயே கீழே விழுந்துவிடுகிறது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இந்த ஆளுமைக் கோளாறு 1980-இல் ஏறியது. இப்போது அதில் ஒன்பது அடையாளங்கள்: தன்னைப் பெரிதாக எண்ணுவது, எல்லையில்லாத வெற்றியும் அழகும் பற்றிய கனவு, தனிப்பிறவி என்ற நினைப்பு, தீராத பாராட்டுப் பசி, விசேஷ உரிமை உண்டென்ற எண்ணம், பிறரைப் பயன்படுத்துவது, பிறர் வலி உறைக்காமை, பொறாமை, இறுமாப்பு. இவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். இளம் வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, வேலை, நட்பு என்று எல்லா இடத்திலும் தெரிய வேண்டும். உங்களிடம் மட்டும் ஒருத்தி சிடுசிடுக்கிறாள் என்றால் அது கோளாறு அல்ல, உங்கள் இருவருக்கும் நடுவே உள்ள கணக்கு. பார்லர் இந்தப் பட்டியலில் இல்லை. மாமியார் இல்லை. சம்பளத்தைத் தன் கணக்கில் வைத்திருப்பது கோளாறு என்றால், கே., உங்கள் சம்பளம் யார் கணக்கில் இருக்கிறது?

ஆனால் உங்களைத் தள்ளிவிடவும் முடியவில்லை. காய்ச்சலுக்குப் போட்டியாக வரும் தலைவலி, ஒருமுறைகூட ‘என் தப்புதான்’ என்று முடியாத சண்டை, இந்த இரண்டும் பார்க்க வேண்டியவை. இந்தக் குணத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த தலைக்கனம். இன்னொன்று நொந்துபோன முகம்: சிறிய விமர்சனத்துக்கும் சுருண்டுபோவது, நாள்கணக்கில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது, தன்னை யாரும் மதிக்கவில்லை என்ற ஓயாத குறை. நான் சொன்ன அலசலில் இந்த இரண்டாம் முகத்தில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை. பெரும்பாலும் மனச்சோர்வு என்றுதான் இது மருத்துவரிடம் வந்து சேரும். நம் வீடுகளில் இதற்குத் தியாகம் என்ற நல்ல புடவை ஒன்றும் கட்டிவிடுகிறோம்.

அதற்காகத் ‘தேய்ஞ்சு போறேன்’ என்று சொல்லும் பெண்களெல்லாம் நடிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் உங்களைப் போன்ற முட்டாள் வேறில்லை. பெரும்பாலானவர்கள் உண்மையிலேயே தேய்கிறார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு வேலையை முழுதாகக் கையில் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாவு அரைப்பது என்று வைத்துக்கொள்வோம். அரிசி உளுந்து ஊறப்போடுவதில் தொடங்கி கிரைண்டர் கழுவிக் கவிழ்ப்பது வரை நீங்கள்தான். ஒரு வாரம் செய்து காட்டிவிட்டு ஸ்டேட்டஸ் போடாதீர்கள். நான்கு வாரம் செய்யுங்கள். முதல் வாரம் ‘உளுந்து பத்தலை’ என்று திட்டு விழும், அது இயல்பு. பாரம் அதிகமானவள் மூன்றாம் வாரம் அந்த நேரத்தில் கால் நீட்டி உட்காருவாள். பாரத்தைவிட, அதனால் நீங்கள் படும் கடன்தான் வேண்டும் என்பவள் அந்த வேலையை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, பிடுங்க வேண்டி வந்ததையும் உங்கள் கணக்கில் எழுதுவாள். இதை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் பதினைந்து அறிகுறி வீடியோவைவிட இது அதிகம் சொல்லும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். இந்த அலட்டல் சில வாரங்களுக்குள் புதிதாக வந்ததா? தூக்கம் குறைந்தும் களைப்பில்லாமல், பேச்சு வேகமாகி, பணம் தண்ணீராய் ஓடுகிறதா? அப்படியென்றால் அது குணமல்ல, மனவெழுச்சி நோயாக இருக்கலாம். மருந்துக்குக் கட்டுப்படும், தாமதிக்கக்கூடாது. ஆளுமைக் கோளாறுக்கென்று மருந்து கிடையாது. நீண்ட காலப் பேச்சு சிகிச்சைதான்.

சரி, இனி குழந்தை. உங்கள் கடிதத்தில் எனக்குப் படிக்கக் கிடைத்தது அந்த ஒரு வரிதான். நீங்களோ அதை ஒன்பதாவதாக வைத்திருக்கிறீர்கள், பார்லர் செலவுக்கும் கீழே.

போட்டியும் பரிசும் குழந்தைகளை என்ன செய்கின்றன என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நெதர்லாந்தில் 7 முதல் 11 வயதுக்குள் இருந்த 565 குழந்தைகளையும் பெற்றோரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாக நான்கு தடவை கேட்டுப் பார்த்தார்கள். முடிவு 2015-இல் வந்தது. ‘என் பிள்ளை மற்ற பிள்ளைகளைவிட ஒரு படி மேல்’ என்று பெற்றோர் தூக்கிவைத்த குழந்தைகளிடம் நாளடைவில் தன்மோகம் கூடியது. பெற்றோர் பிரியத்தைக் காட்டிய குழந்தைகளிடம் தன்மதிப்பு கூடியது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்தால் வேலை செய்யவில்லை. தூக்கிவைத்ததால் தன்மதிப்பு வளரவில்லை, பிரியத்தால் தலைக்கனமும் வளரவில்லை. உங்கள் மகள் சரியாக அந்த வயதில் இருக்கிறாள்.

இரண்டாம் பரிசு வாங்கிய குழந்தை இரண்டு நாள் பேச்சில்லாமல் கிடந்தது என்றால் அவள் கற்றுக்கொண்டது என்ன? அம்மாவின் முகம் மலர்வது என் கையிலிருக்கும் காகிதத்தைப் பொறுத்தது. காகிதத்தில் குறை இருந்தால் மறைக்க வேண்டும். அந்தக் கையில்தான் உங்கள் மகள் தூரிகை பிடிக்கிறாள். அம்மா விரல் வைத்தபோது கேமரா யார் கையில் இருந்தது, கே.? ‘விரலை எடும்மா, நல்லா தெரியட்டும்’ என்று அப்போது சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். நீங்கள் அறிகுறி எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

திட்டிவிட்டேன். இனி செய்ய வேண்டியது. மகளிடம் அம்மாவைப் பற்றிக் குறை பேசாதீர்கள். ‘அம்மா அப்படித்தான்’ என்பதுகூட வேண்டாம். அடுத்த முறை இப்படி வாய் பூட்டு விழுந்தால் அன்றே, அரை நிமிடத்தில் சொல்லுங்கள்: ‘அம்மா கோபமா இருக்காங்க. அது நீ செஞ்ச தப்பால இல்ல.’ அதற்கு மேல் விளக்க வேண்டாம். விளக்கினால் குழந்தை உங்களுக்கு வக்கீலாகிவிடும். ‘அம்மாகிட்ட போய்ச் சொல்லு’ என்று தூது அனுப்பவே கூடாது. ஈடுகட்டுகிறேன் என்று ‘உன்னை மாதிரி உலகத்துலயே யாரும் வரைய முடியாது’ என்று நீங்களும் ஆரம்பித்துவிடாதீர்கள். பெரும்பாலான அப்பாக்கள் சறுக்கும் இடம் இதுதான், அதே விஷம் வேறு கிண்ணத்தில். வானத்துக்கு ஏன் இந்த நிறம், இந்தப் படகு எங்கே போகிறது என்று படத்தைப் பற்றிக் கேளுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் இருவரும் சில்வர் பீச்சுக்குப் போய்வாருங்கள். போன் வீட்டில் இருக்கட்டும். மணலில் அவள் எதை வரைந்தாலும் யாரும் படம் எடுக்க வேண்டாம், அலை வந்து அழிக்கட்டும்.

மனைவியிடம் எல்லை போடுவது தனி வித்தை. ஒரே வாக்கியம், எப்போதும் அதே வாக்கியம்: ‘கத்தாம பேசினா கேட்கிறேன். கத்தினா மொட்டைமாடிக்குப் போய்ட்டு அரை மணியில வர்றேன்.’ ‘நீ எப்பவுமே’ என்று தொடங்கக்கூடாது, பழைய கதையை எடுக்கக்கூடாது. சரியாக அரை மணியில் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் நீங்களும் பேசாமல் தண்டிக்கிறவர்தான். முதல் இரண்டு மூன்று வாரம் சத்தம் கூடும், குறையாது. பலரும் நான்காவது தடவையில் பணிந்துவிடுவார்கள். அதோடு எவ்வளவு கத்தினால் நீங்கள் இறங்கி வருவீர்கள் என்ற அளவு அவளுக்குத் தெரிந்துவிடும். பணியப் போகிறவரென்றால் தொடங்காதீர்கள்.

‘செத்துப்போயிடுவேன்’ என்ற பேச்சு வந்தால், நடிப்பு என்று ஒருபோதும் நீங்கள் முடிவுகட்டாதீர்கள். தனியாக விடாமல் அவள் வீட்டாரைக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். புதுச்சேரியில் ஜிப்மர் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் நீங்கள் போங்கள், உங்களுக்காக. ‘என் மனைவிக்கு என்ன நோய்’ என்று கேட்காமல் ‘எனக்குத் தூக்கம் இல்லை, வீட்டில் இப்படி நடக்கிறது’ என்று தொடங்குங்கள். பிறகு ‘நாம ரெண்டு பேரும் பேசிப் பார்க்கலாம், எனக்கும் உதவி வேணும்’ என்று கூப்பிட்டால் வரக்கூடும். ‘உன்னை டாக்டர்கிட்ட காட்டணும்’ என்றால் வரமாட்டாள். நீங்கள் என்றாலும் வரமாட்டீர்கள்.

அந்தச் சான்றிதழ் இப்போது எங்கே இருக்கிறது? பீரோவில் என்றால் எடுங்கள். ஹாலில், மகளின் கண் உயரத்துக்கு, முழுதும் தெரிகிற மாதிரி மாட்டுங்கள். மாட்டும்போது அவளையே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், விரல் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள், எதுவும் சொல்ல வேண்டாம். முதல் பரிசு வாங்கிய படம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவள் பார்த்திருப்பாள்.

அன்புடன்.