கேள்வி – பதில்: 'கைம்பெண்' என்று எழுதிய புட்டி

கேள்வி: ஒயின் தயாரிப்பிலும் கலைகளிலும் துணிந்து புதுவழி கண்ட பெண்களைச் சிறப்பிக்கும் வகையில், ஒயின் சுவைக்கும் மாலை ஒன்றை எங்கள் வாசிப்பு வட்டத்தில் நடத்த இருக்கிறோம். சுவரில் நாலு படங்களை மாட்டிவிட்டுக் குடித்துக் கலைவதாக அது முடிந்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: படங்களை விட்டுவிட்டுக் கோப்பையிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பெண்மணி ஒயினில் எதை மாற்றினார் என்பதைக் கண்ணும் நாக்குமே சொல்லிவிட வேண்டும். உரை அதற்குத் துணை நின்றால் போதும்.

முதலில் ஷாம்பெயினை ஊற்றுங்கள். 1805-இல் கணவரை இழந்து, அவருடைய ஷாம்பெயின் நிறுவனத்தை ஏற்று நடத்திய பிரெஞ்சுப் பெண்மணி பார்ப்-நிக்கோல் கிளிக்கோவுக்கு அப்போது வயது 27. ஷாம்பெயினில் குமிழ் எழ வேண்டுமானால் புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வேண்டும். நொதித்து முடிந்ததும் மடிந்த ஈஸ்ட் வண்டலாகத் தங்கி ஒயினைக் கலக்கிவிடும். வேறு புட்டிக்கு மாற்றினாலோ குமிழ் போய்விடும். இந்தச் சிக்கலுக்கு அவரும் அவருடைய நிலவறைத் தலைவர் அந்துவான் முல்லரும் 1816 வாக்கில் கண்ட தீர்வு, துளையிட்ட பலகையில் புட்டிகளைக் கழுத்து கீழாகச் செருகி, நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பி, வண்டல் முழுவதும் கழுத்தில் வந்து சேர்ந்தபின் ஒரே வீச்சில் வெளியேற்றுவது என்பதாகும். தெளிந்த மதுவுக்குப் பழந்தமிழ் வைத்த பெயர் 'தேறல்'; அந்தப் பெயருக்கு இதைவிடத் தகுந்த ஒயினை நான் அறியேன். விருந்தினர் கோப்பையை ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுப் பருகட்டும்.

அவருடைய நிறுவனத்தின் 'வெவ் கிளிக்கோ' புட்டியின் மேல் உள்ள 'வெவ்' என்ற சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் கைம்பெண் என்று பொருள். 1804-இல் வந்த நெப்போலியன் சட்டத்தின்படி மணமான பெண் கணவனின் இசைவின்றி ஒப்பந்தம் செய்யவோ வழக்காடவோ அன்று இயலவில்லை. கணவனை இழந்தவளுக்கு அந்தத் தடை இருக்கவில்லை. ஷாம்பெயின் வரலாற்றில் பல கைம்பெண்கள் வருவது தற்செயலன்று என்பதையும், துணிச்சல் பல பெண்களுக்கு இருந்திருக்கும், கையெழுத்திடும் உரிமை சிலருக்கே வாய்த்தது என்பதையும் அன்று யாராவது ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் மாலையின் இரு பாதிகளையும் இணைப்பவர், கணவர் இறந்தபின் ஷாம்பெயின் நிறுவனத்தை நடத்திய லூயிஸ் பொம்மெரி. பிரான்சின் ரைம்ஸ் நகரில் ரோமானியர் காலச் சுண்ணக்கல் குழிகளை வாங்கி, தரைக்கடியில் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் நிலவறைகளாக இணைத்தார். அவற்றின் சுவர்களில் புடைப்புச் சிற்பங்களைச் செதுக்க குஸ்தாவ் நாவ்லே என்ற சிற்பியை அமர்த்தினார். புட்டிகள் உறங்கும் இருட்டறைக்குச் சிற்பம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். எனக்கோ அந்தத் தேவையின்மையே அவரைப் பற்றி அதிகம் சொல்கிறது. வயலில் சிந்திய கதிர் பொறுக்கும் மூன்று ஏழைப் பெண்களைப் பிரெஞ்சு ஓவியர் மில்லே வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தை அவர் 1889-இல் 3,00,000 ஃபிராங்குக்கு வாங்கினார். மறு ஆண்டு அவர் இறந்தபின் அது லூவர் அருங்காட்சியகத்துக்குக் கொடையாகச் சென்றது. இன்று ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தின் நகலொன்றை மேசையில் வைத்தால், சுவரில் மாட்டும் படங்களுக்கு வேலை இருக்காது.

சிவப்பு ஒயினுக்கு ஃபிலிப்பீன் தெ ரோத்சில்ட் பொருத்தமானவர். கொமேதி ஃபிரான்சேஸ் நாடக அரங்கில் நடிகையாக இருந்தவர், 1988-இல் தந்தை இறந்ததும் பிரான்சின் போயாக் வட்டாரத்தில் உள்ள முதோன் ஒயின் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். 1945 முதல் அந்தப் புட்டியின் லேபிளை ஆண்டுக்கு ஓர் ஓவியர் அணிசெய்கிறார். 1948-இல் மரி லோரன்சாங், 1997-இல் நிக்கி தெ சான் ஃபால் ஆகிய பெண்களின் ஓவியங்கள் இடம்பெற்றன. ஓவியருக்குக் கூலி ஒயினாகவே தரப்படும்! அந்த ஒயின் எளிதில் வாங்கக் கூடியதன்று. லேபிள்களின் படங்களைச் சுற்றுக்கு விட்டு, அதே போயாக் வட்டாரத்தின் வேறொரு சிவப்பு ஒயினை ஊற்றுங்கள்.

இவர்களோடு நின்றால் கதை பிரான்சிலேயே முடிந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் இன்ட்சிக்கி பியேலா, ஒயினைச் சுவைத்தே அறியாதவராய், தமக்குத் தெரியாத ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் பாடம் நடந்த பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஒயின் தயாரிப்பைக் கற்று, 2004 முதல் அத்தொழிலில் இருக்கிறார். பின்னாளில் தொடங்கிய சொந்த நிறுவனத்துக்குப் பாட்டியின் பெயரான 'அஸ்லினா'வைச் சூட்டினார். அவருடைய ஒயின் கிடைத்தால் தவறவிடாதீர்கள்.

கேள்வி: இனிப்பும் மென்மையும் கொண்ட ஒயின்தான் பெண்களுக்கு ஏற்றது என்கிறார்களே?

பதில்: ஷாம்பெயின் என்றாலே தித்திப்பு என்றிருந்த காலத்தில், 1874 அறுவடையிலிருந்து, சர்க்கரை குறைந்த 'ப்ரூட்' வகையைத் துணிந்து விற்றவர் மேலே சொன்ன பொம்மெரி அம்மையார்தான்.

கேள்வி: வருவோரில் சிலருக்கு ஒயினைப் பற்றி எதுவும் தெரியாது, இருவர் மது அருந்தாதவர்கள். அவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

பதில்: ஒருவருக்கு 50 மில்லிலிட்டர் ஊற்றினால் 750 மில்லிலிட்டர் புட்டி 15 பேருக்கு வரும், ஆனால் ஐந்து வகை ஒயின்களை இப்படி விழுங்கினால் ஒவ்வொருவரும் மூன்றிலொரு புட்டியைக் குடித்தவராவார் என்பதால், துப்புவதற்கான கிண்ணங்களை நடுமேசையிலேயே வையுங்கள். தொழில்முறைச் சுவைஞர்களும் பொதுவாகத் துப்புகிறவர்களே. அதில் கூச்சம் வேண்டாம். குமிழ் ஒயின், வெள்ளை, சிவப்பு என்ற வரிசை மாறக் கூடாது. சிவப்பின் துவர்ப்பு நாக்கில் ஏறிவிட்டால் வெள்ளையின் நுட்பம் எடுபடாது.

மது அருந்தாதவர்களுக்கு மூக்கு இருக்கிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பணியாற்றிய ஆன் நோபிள், 1980-களில் ஒயின் மணங்களைப் பழம், பூ, மசாலா, மண் என்று இனம்பிரித்து ஒரு சக்கரமாக வரைந்தார். 'உயர்ந்தது', 'நேர்த்தியானது' என்ற வெற்றுப் புகழ்ச்சிக்கு அதில் இடமில்லை. எலுமிச்சைத் தோல், கிராம்பு, மிளகு, ஈரமண் என ஏழெட்டுப் பொருள்களை மூடிய கிண்ணங்களில் வைத்து, முகர்ந்து பெயர் சொல்லும் பொறுப்பை அந்த இருவரிடம் கொடுங்கள். விருந்தினர் அனைவரும் அன்று வாசனைத் திரவியம் பூசாமல் வர வேண்டும் என்பதை மட்டும் அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள்.